முகம் சொல்லாத கதை

1

மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' 2002 பிப்ரவரியில் வெளிவந்தது. ஆறு தேசிய விருதுகள் பெற்றது. அதைப் பற்றி இன்றுவரை பேசுகிறவர்கள் இரண்டு விஷயங்களைத்தான் பேசுகிறார்கள். ஒன்று, இலங்கைப் போரை அது எப்படிக் காட்டியது, யார் பக்கம் நின்றது அல்லது நிற்காமல் நழுவியது என்பது. மற்றது, கடைசிக் காட்சியில் தாங்கள் அழுதது. முதல் சாராருக்குப் படம் ஒரு அறிக்கை. சரி, தப்பு போட்டு மார்க் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டாம் சாராருக்கு அது நனைந்த கைக்குட்டை. இரு சாராருமே ஒரு வீட்டைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். சென்னையில் இருக்கிறது அந்த வீடு. வெளியிலிருந்து வந்த ஒரு குழந்தையை உள்ளே வைத்துக்கொண்டு ஒன்பது வருஷம் அது நடந்திருக்கிறது. எப்படி நடந்தது? என் அக்கறை அந்தக் கேள்வியில்தான்.

கதையைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்ளலாம். மாங்குளத்துப் பெண் ஷ்யாமா. கணவன் போராளியாகிக் காட்டுக்குள் போய்விட, வயிற்றில் குழந்தையோடு படகேறி ராமேஸ்வரம் வருகிறாள். முகாமில் பெண் குழந்தை பிறக்கிறது. கணவனைத் தேடி, குழந்தையை விட்டுவிட்டுத் திரும்பிப் போகிறாள். திருச்செல்வன் என்ற இன்ஜினியர், எழுத்தாளனும்கூட, அந்தக் குழந்தையைப் பற்றி முதலில் ஒரு சிறுகதை எழுதுகிறான். பிறகு குழந்தையே வேண்டும் என்று தோன்றுகிறது. கல்யாணம் ஆகாதவனுக்குக் கொடுப்பதற்கில்லை என்கிறார்கள். இந்திராவைக் கல்யாணம் செய்துகொள்கிறான். குழந்தை அமுதா ஆகிறது. பின்னால் இரண்டு பையன்கள் பிறக்கிறார்கள். ஒன்பதாவது பிறந்த நாளில் அமுதாவிடம் உண்மையைச் சொல்கிறார்கள். அவள் தன்னைப் பெற்றவளைப் பார்க்க வேண்டும் என்கிறாள். போருக்கு நடுவே அவளை அழைத்துக்கொண்டு இலங்கை போகிறார்கள்.

இந்தக் கதையின் விதை மணிரத்னத்துக்கு ஒரு அமெரிக்கப் பத்திரிகைக் கட்டுரையில் கிடைத்தது. ஒரு அமெரிக்கக் குடும்பம் பிலிப்பைன்ஸிலிருந்து தத்தெடுத்து வளர்த்த பெண், பெற்ற தாயைப் பார்க்கத் திரும்பிப் போனதைப் பற்றியது அது. விதை கடல் தாண்டி இங்கே விழுந்தபோது அதில் என்ன மாறியது என்பதுதான் விமர்சனம் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி. மணிலா மாங்குளமாயிற்று, விமானம் படகாயிற்று என்பதெல்லாம் மேலோட்டமான மாற்றம். அடிப்படையான மாற்றம் வேறு. அந்த அமெரிக்க வீட்டில் பெண்ணின் முகமே எல்லாவற்றையும் சொல்லிவிடும். கடைக்காரனுக்கும் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கும் முதல் நாளே தெரிந்துவிடும். குழந்தைக்குக் கண்ணாடியில் தெரியும். மறைக்கலாம் என்ற யோசனைக்கே அங்கே இடமில்லை.

அமுதாவின் முகம் எதையும் சொல்வதில்லை. அவள் பாஷை தமிழ், பெயர் தமிழ், நிறம் நம் தெருவின் நிறம். அவள் வேறு நாட்டுத் தாயின் குழந்தை என்பது ஏதோ ஒரு தாளில் மட்டுமே இருக்கிற உண்மை. ஆகவே சொல்லாமல் இருக்க முடிகிறது. ஒன்பது வருஷம் முடிகிறது. மூலக் கதையில் இருந்திருக்க முடியாத ஒரு ரகசியம் தமிழ்க் கதைக்குள் வந்துவிடுகிறது. வந்ததோடு நிற்காமல் அதுவே கதையின் அச்சாகவும் ஆகிவிடுகிறது. ஒரு வீடு ஒரு குழந்தைக்குப் பழகிக்கொண்டதும், குழந்தை வீட்டுக்குப் பழகிக்கொண்டதும் கதையாவதில்லை. சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்ன நாள்தான் கதையாகிறது.

2

முகம் சொல்லிவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானே சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவிலும் ஒரு காலம்வரை குழந்தையின் நிறத்தையும் மதத்தையும் வளர்க்கப் போகிறவர்களோடு பொருத்திப் பார்த்தே கொடுத்தார்கள். வெளியே தெரியக்கூடாது என்பதுதான் நோக்கம். கொரியப் போருக்குப் பிறகு, 1950களின் நடுவிலிருந்து, கொரியக் குழந்தைகள் அங்கே வெள்ளைக்கார வீடுகளுக்கு வரத் தொடங்கியபோது அந்தப் பொருத்தம் பார்ப்பது உடைந்தது. ஆனால் அந்தக் குழந்தைகளில் பலர் வளர்ந்த பிறகு எழுதியதும் பேசியதும் வேறொரு மௌனத்தைப் பற்றி. வீட்டில் எல்லோரும் தங்கள் முகத்தைப் பார்க்காதது போலவே நடந்துகொண்டார்கள் என்றார்கள். கண்ணுக்கு எதிரே இருப்பதையும் சொல்லாமல் இருக்க மனிதர்களால் முடிகிறது.

இதற்கு நேர் எதிரான அனுபவம் ஒன்று தமிழர்களிடமே உண்டு. நம் இலக்கியம் அதைத் தொட்டது மிகக் குறைவு. மலேயாவிலும் சிங்கப்பூரிலும், இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும், தமிழ்க் குடும்பங்கள் சீனப் பெண் குழந்தைகளை வாங்கி வளர்த்தன. வறுமை, பெண்ணாகப் பிறந்தது, ஜாதகம் சரியில்லை என்ற நம்பிக்கை, ஜப்பான்காரன் காலத்துப் பயம் என்று கொடுத்தவர்களுக்குக் காரணங்கள் இருந்தன. வாங்கியவர்களில் தோட்டக்கூலிகள் உண்டு, சிறு உத்தியோகஸ்தர்களும் உண்டு. மலேயாவுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்துப் போன ஜில்லாக்களில் எங்கள் வட ஆற்காடு முக்கியமானது. இங்கேயிருந்து போன பஞ்சக் குடிகளின் பிள்ளைகளில் சிலராவது அங்கே ஒரு சீனக் குழந்தையை மடியில் போட்டுத் தாலாட்டியிருக்க வேண்டும். அந்தப் பெண்கள் பாவாடை கட்டினார்கள், பூ வைத்துக்கொண்டார்கள், தமிழ் பேசினார்கள், தமிழ் மாப்பிள்ளைகளைக் கட்டிக்கொண்டார்கள். முகம் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தது. சீனச் சாயலில் ஒரு பாட்டி, புடவையும் பொட்டுமாக, வெற்றிலை மென்றுகொண்டு பேரனைத் தமிழில் திட்டுகிற காட்சி அங்கே யாருக்கும் அதிசயமில்லை. இது ஒரு நாவலுக்கான விஷயம். மர்மம் எதுவும் இல்லாததாலேயே இது கதையாகாது என்று நம் எழுத்தாளர்கள் முடிவு கட்டிவிட்டார்களோ என்று தோன்றுகிறது.

ஏனென்றால் நம் சினிமாவுக்கு மர்மம் இல்லாத பிள்ளை பிள்ளையே இல்லை. 'களத்தூர் கண்ணம்மா'வில் (1960) அநாதை விடுதியில் வளர்கிற சிறுவன் கடைசியில் பெற்றோரிடம் சேர்ந்தாக வேண்டும். 'பார் மகளே பா'ரில் (1963) இரண்டு பெண்களில் யார் தன் ரத்தம் என்று தெரியாமல் ஒரு கௌரவஸ்தன் ஆடிப்போகிறான். முகம் சொல்லவில்லை என்பதுதான் அங்கே இடி. 'பெற்றால்தான் பிள்ளையா' (1966) தலைப்பிலேயே கேட்டுவிட்டது. இந்தப் படங்கள் வசனத்தில் வளர்ப்பை உயர்த்தும். முடிச்சுப் போடும்போதும் அவிழ்க்கும்போதும் ரத்தத்தைத்தான் நம்பும். பிறப்பின் ரகசியம் வெளியாகும் கணம்தான் உச்சம். அதுவரை வளர்த்தவர்கள் செய்தது, அந்த உச்சத்துக்குக் காத்திருந்தது மட்டுமே.

'கன்னத்தில் முத்தமிட்டால்' இந்தப் பரம்பரையிலிருந்து ஓரளவு விலகியிருக்கிறது. ரகசியம் அதில் விபத்தாக வெளியாவதில்லை. எந்த வில்லனும் பழைய கடிதத்தைக் கண்டெடுப்பதில்லை. பெற்றோரே முடிவு செய்து, நாள் பார்த்து, சொல்கிறார்கள். விட்டுப் போனவளைப் படம் பழிப்பதுமில்லை. இவை சின்ன விஷயங்கள் இல்லை. ஆனால் 'சொல்கிற நாள்' என்று ஒன்று இருந்தாக வேண்டும் என்பதை அது கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறது. அந்த அளவுக்கு அது 'பார் மகளே பா'ரின் பேத்திதான்.

3

நான் வங்கிக் குமாஸ்தா. கதைகளில் காகிதம் எங்கே இருக்கிறது என்று தேடுவது என் தொழில் கொடுத்த கெட்ட பழக்கம். திருச்செல்வனுக்குக் குழந்தையைக் கொடுக்க மறுக்கிறார்களே, அந்த இடத்தை எடுத்துக்கொள்ளலாம். 1956-ன் ஹிந்து தத்து, ஜீவனாம்சச் சட்டப்படி கல்யாணமாகாத ஆணும் பெண் குழந்தையைத் தத்தெடுக்கலாம். இருவருக்கும் குறைந்தது 21 வயது வித்தியாசம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். (2015-ன் சிறார் நீதிச் சட்டம் தனி ஆணுக்குப் பெண் குழந்தை கிடையாது என்றுவிட்டது.) அமுதா இன்னொரு நாட்டின் அகதிக்கு முகாமில் பிறந்தவள் என்பதால் சிக்கல் இன்னும் அதிகம். 1987 ஜூலை 1-க்குப் பின் இந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் இந்தியர். அமுதா தொண்ணூறுகளில் பிறந்தவள். அவள் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டில் கொழும்பில் இறங்கினாள்? படம் அந்தத் தாளைக் காட்டுவதில்லை. ஒரு திருமணப் பேச்சு, ஒரு பாட்டு, வீடு என்று போய்விடுகிறது.

இதை நுணுக்கத் தப்பு கண்டுபிடிக்கும் சாமர்த்தியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலூருக்குப் பக்கத்தில் மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021 நவம்பரில் அங்கே புது வீடுகளுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதற்குச் சற்று முன்புதான் அகதிகள் முகாம் என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியிருந்தார்கள். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண், தான் பிறப்பால் இந்தியக் குடிமகள், பாஸ்போர்ட் வேண்டும் என்று நீதிமன்றம் ஏறி 2022-ல்தான் மதுரைக் கிளையில் உத்தரவு பெற முடிந்தது. அமுதாவைத் தூக்கி வந்த முகாமில் மற்றக் குழந்தைகள் அங்கேயே வளர்ந்து, அங்கேயே பிள்ளை பெற்று, இன்னும் காகிதத்துக்குக் காத்திருக்கிறார்கள். ஒரு குழந்தையை வீட்டுக்குள் எடுத்துக்கொள்வது என்பதில் முதல் பாதி இந்தக் காகிதம்தான். அதில் அவமானமும் காத்திருப்பும் பயமும் இருக்கின்றன. கலைக்கு இவை ஆகாத சரக்கா?

காகிதத்தின் பாஷையையும் கவனிக்கலாம். பழைய ஹிந்து தர்மத்தில் ஸ்வீகாரம் என்றால் மகன்தான். பிண்டம் போடவும் சொத்து ஆளவும் ஒரு ஆண். சில வகுப்பாரின் வழக்கத்தைத் தவிர மகளை ஸ்வீகரிக்க இடமில்லை. ஜானகிராமனின் கடைசி நாவலான 'நளபாக'த்தில் வருவது இந்த ஸ்வீகாரத்தின் வீடு. வம்சம் என்ற சொல்லின் பாரம் அங்கே சுவர்களில் இறங்கியிருக்கிறது. 1956 ஆகஸ்டில் வந்த காப்பாளர் சட்டத்தின் 7-வது பிரிவு, தத்து மகனின் காப்பாளர் தத்துத் தந்தை, அவருக்குப் பின் தத்துத் தாய் என்கிறது. தத்து மகள் அந்த வாக்கியத்தில் இல்லவே இல்லை. அவள் சட்டத்துக்குள் வந்தது அதே வருஷம் டிசம்பரில்தான். 'அவருக்குப் பின்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு தாயின் கையெழுத்து செல்லாது என்று ரிசர்வ் வங்கி சொல்லப்போய், கீதா ஹரிஹரன் என்ற நாவலாசிரியை வழக்குப் போட்டு, 1999-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் சொல்ல வேண்டியிருந்தது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து முஸ்லிம்களுக்கோ 1890-ன் காப்பாளர் சட்டம் ஒன்றுதான் நெடுங்காலம் வழி. அதில் அவர்கள் காப்பாளர் ஆகலாம், பெற்றோர் ஆக முடியாது. எந்த மதத்தவரும் சிறார் நீதிச் சட்டப்படி தத்தெடுக்கலாம் என்று 2014-ல்தான் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. மகன், மகள், தந்தை, தாய், காப்பாளர் என்று நாம் வீட்டில் சாதாரணமாகப் புழங்கும் சொற்கள் ஒவ்வொன்றும் எங்கோ ஒரு மேஜையில் சண்டையிட்டு வாங்கியவை.

4

இந்தப் படத்தைப் பற்றி நான் இவ்வளவு தூரம் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. படம் வந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். மறுபடி பார்த்தது, நானும் என் மனைவியும் மூன்று வருஷத்துக்கு மேல் காத்திருந்து, ஒடிசாவில் ஒரு இல்லத்திலிருந்து இருபத்திரண்டு மாசப் பெண் குழந்தையை ஆற்காட்டுக்கு அழைத்து வந்த பிறகு. வேறு நாடு இல்லைதான். ஆனால் அந்த வயதில் பாஷையே நாடு.

அவள் வந்தபோது அவளிடம் கொஞ்சம் சொற்கள் இருந்தன. தண்ணீருக்கு 'பாணி' என்றாள். எங்களுக்குப் புரியவில்லை. தண்ணீர் கொடுக்காமல் பொம்மையைக் கொடுத்தோம், அழுதாள். பக்கத்து வீட்டில் உருது பேசும் அம்மா மதில் மேல் எட்டிப் பார்த்து, "பானி கேக்குதும்மா புள்ள" என்றார். ஆற்காட்டு நவாபின் மிச்சமாக இந்த ஊரில் இருக்கிற பாஷை ஒடிசாக் குழந்தைக்கு முதல் துபாஷி ஆயிற்று. அவள் 'நாய்ங்' என்று தலையாட்டினால் வேண்டாம் என்பதும் அந்த அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

முதல் வாரங்களில் அவள் மிகவும் சமர்த்தாக இருந்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும் போய் ஒட்டிக்கொண்டாள். எல்லாப் பெண்களையும் 'மா' என்றாள். பால்காரம்மாவோடுகூடப் போகத் தயாராயிருந்தாள். "எவ்வளவு சீக்கிரம் பழகிட்டா பாரு" என்று உறவினர்கள் சந்தோஷப்பட்டார்கள். என் மனைவிக்கு மட்டும் அது சந்தோஷமாக இல்லை. எல்லோரிடமும் போகிற குழந்தை யாரிடமும் வந்து சேரவில்லை என்றாள். இரவில் பாயில் படுக்க மாட்டாள், கதவோரம் போய்த் தரையில் படுப்பாள். தூங்கும்போது கையில் ஒரு இட்லித் துண்டு இறுகப் பிடித்திருக்கும். காலையில் விரல்களைப் பிரித்துக் கழுவுவோம். நாலாவது மாசம் ஒரு நாள் என் மனைவி வேலைக்குக் கிளம்பும்போது புடவையைப் பிடித்துக்கொண்டு தெருவே கூடும்படி கத்தினாள். பால்காரம்மா தூக்கப் போனபோது கடித்துவிட்டாள். அன்றைக்குத்தான் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள் என்று சொல்ல வேண்டும்.

அந்தச் சமயத்துக்குள் 'பாணி' போய்விட்டது. 'தண்ணி' வந்துவிட்டது. ஒரு பாஷை நாலு மாசத்தில் ஒரு உடம்பிலிருந்து வடிவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது பயங்கரமான அனுபவம். என் மனைவி போகப் போக அந்தச் சொற்களை ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். பதினேழு சொற்கள். அந்த நோட்டு அவளுடையது, கேட்கும்போது கொடுப்போம்.

என் அம்மா ஒன்று சொன்னாள்: "பாத்தா நம்ம வூட்டுப் புள்ள மாதிரிதான கீறா. இன்னாத்துக்கு அவகிட்ட சொல்லணும்?" பிரியத்தோடு சொன்னதுதான். என் அம்மாவைப் போல அவளைத் தூக்கிச் சுமந்தவர்கள் இல்லை. ஆனால் அந்த 'மாதிரி' என்ற சொல்லில்தான் அமுதாவின் ஒன்பது வருஷங்களும் இருக்கின்றன. முகம் ஒத்துழைக்கிறது, ஆகவே சும்மா இருந்துவிடலாம் என்கிற சலுகை. நாங்கள் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளவில்லை. காட்பாடியில் ரயிலிலிருந்து இறங்கியதைக் கதையாகத் தினமும் சொன்னோம். இப்போது கேட்டால் "நான் ரயில்ல பொறந்தேன்" என்கிறாள். அவளுக்கு வயது நான்கு. தான் வந்த கதையை அவளே கட்டிக்கொண்டிருக்கிறாள். வருஷா வருஷம் அதைத் திருத்திக் கட்டுவாள். சொல்கிற நாள் என்று ஒன்று இனி அந்த வீட்டில் வர முடியாது.

5

இந்தக் கண்ணோடு பார்க்கும்போது படத்தில் எது நிற்கிறது, எது விழுகிறது?

அமுதாவாக நடித்த கீர்த்தனா நிற்கிறாள். தமிழ் சினிமாவின் பெரிய மனுஷிக் குழந்தைகளின் அதிகப்பிரசங்கம் அவளிடம் முதல் பாதியில் கொஞ்சம் இருக்கிறது. உண்மை தெரிந்த பிறகு அதே துடுக்கு கோபமாகத் திரிவது நிஜம். அவள் தண்டிப்பது விட்டுப் போனவளை இல்லை, பக்கத்திலிருக்கிற இந்திராவை. பக்கத்தில் இருப்பவரைத்தான் தண்டிக்க முடியும், அவர் போய்விட மாட்டார் என்று தெரிந்தால்தான் தண்டிக்க முடியும் என்பதை மணிரத்னம் எங்கிருந்தோ பிடித்திருக்கிறார். கடித்த குழந்தையைப் பார்த்தவனுக்கு இது புரியும்.

ஷ்யாமாவும் நிற்கிறாள். மகள் எழுதி வைத்த கேள்விகளுக்கு அவளிடம் பதில் இல்லை, இல்லாமலே விட்டிருக்கிறார்கள். ஆனால் ஷ்யாமாவைப் பாடுவதற்குத் தமிழுக்குப் பயிற்சி உண்டு. பிள்ளையைக் கொடுத்துவிட்டு அவன் தவழ்ந்ததையும் நடந்ததையும் காணாது போன தேவகியின் புலம்பலுக்குக் குலசேகர ஆழ்வார் ஒரு பதிகமே ஒதுக்கியிருக்கிறார். யசோதைக்குப் பெரியாழ்வார் இருக்கிறார். துளசிச் செடிகளின் கீழ் கிடைத்த பெண்ணை வளர்த்தவர் என்று மரபு சொல்கிற அவருக்கு அந்தப் பாவம் சரியாகவே வந்திருக்கிறது. இரண்டு தாய்களும் நம் மரபில் வேரூன்றியவர்கள். நம் மரபில் பேசாதவர்கள் இருவர். கோகுலத்துக்கு வந்த இரவில் அந்தக் குழந்தை என்ன நினைத்தது என்பதும், இன்னொருத்தியின் பிள்ளை என்று தெரிந்தே எடுத்து வளர்க்கிறவள் என்ன நினைத்தாள் என்பதும். யசோதைக்குத் தெரியாது. இந்திராவுக்குத் தெரியும்.

விழுவது இந்த இடத்தில்தான். கொழும்பும் குண்டுவெடிப்பும் சாரி சாரியாக நடக்கும் ஜனங்களும் ரவி கே. சந்திரனின் காமிராவில் பிரமாதமாக இருக்கின்றன. அவ்வளவு பிரமாதமும் ஒன்றை மறைக்கிறது. ஒரு வீடு பழகிக்கொண்ட ஒன்பது வருஷத்தைப் படமெடுக்கத் தெரியாதபோது போரைப் படமெடுக்கலாம். குழந்தை முதல் முறை மறுத்த நாளையும் எதையாவது கையில் இறுக்கிக்கொண்டு தூங்கிய இரவுகளையும் சம்பவம் என்று நம் சினிமா ஒப்புக்கொள்வதில்லை. கல்யாணத்துக்கும் ஒன்பதாவது பிறந்த நாளுக்கும் நடுவே இருக்கிற காலத்தை அமுதாவின் சுட்டித்தனமான ஒரு சுய அறிமுகத்தில் முடித்துவிடுகிறார்கள்.

இது ஒரு படத்தின் குறை மட்டும் என்றால் விட்டுவிடலாம். 1970களிலும் 80களிலும் தமிழ்நாட்டிலிருந்து ஸ்வீடனுக்கும் நெதர்லாந்துக்கும் டென்மார்க்குக்கும் போன குழந்தைகள் இன்று நடுவயதுக்காரர்களாக இங்கே வந்து தாயைத் தேடுகிறார்கள். இலங்கையிலிருந்து போனவர்களும் தேடுகிறார்கள். 1967-லிருந்து 1998 வரை இலங்கை உட்பட ஐந்து நாடுகளிலிருந்து நடந்த தத்துகளை விசாரித்த ஒரு குழு 2021 பிப்ரவரியில் கொடுத்த அறிக்கையைப் பார்த்துவிட்டு நெதர்லாந்து அரசு வெளிநாட்டுத் தத்தையே நிறுத்தி வைத்தது. பொய்ப் பெயர்கள், பொய்த் தேதிகள், விற்பனை. நம் உச்ச நீதிமன்றம் 1984-லேயே, ஒரு வக்கீல் எழுதிய கடிதத்தை வழக்காக எடுத்துக்கொண்டு, முதலில் இந்தியப் பெற்றோரைத் தேடு என்று விதி வகுத்தது இந்த வியாபாரத்துக்குப் பயந்துதான். அப்படித் தேடி வருகிறவர்களின் கதையைப் பத்திரிகைகள் எழுதுகின்றன; தாயும் பிள்ளையும் கட்டிக்கொள்ளும் போட்டோவோடு நிறுத்திக்கொள்கின்றன. நாற்பது வருஷம் வளர்த்த வீட்டைப் பற்றி ஒரு வரி இருப்பதில்லை. மணிரத்னத்தின் படமும் இதே போட்டோவைத்தான் மழையில் எடுத்திருக்கிறது. அவர் எடுத்தது நல்ல போட்டோ.

படத்தில் ஒரு தகவல் போகிற போக்கில் வருகிறது. திருச்செல்வன் தன் கதைகளைத் தன் பெயரில் எழுதுவதில்லை. இந்திரா என்ற பெயரில் எழுதுகிறான். வேடிக்கையாகவும் பிரியமாகவும் சொல்லப்படுகிற விஷயம். முகாமில் கிடந்த குழந்தையைப் பார்த்து அவன் எழுதினான். அவள் எடுத்து வளர்த்தாள். எழுத்தில் இருப்பது அவள் பெயர், அவள் வாக்கியம் ஒன்றுகூட இல்லை. அந்த ஒன்பது வருஷங்களை இந்திரா உட்கார்ந்து எழுதியிருந்தால் கப்பல், குண்டு, கொழும்பு எதுவும் தேவைப்பட்டிருக்காது. ஒரு நோட்டு போதும்.